கித்தாக் கட்டை செஸ் செட்: ரெண்டர் பண்ணினால் பிளாஸ்டிக்காகவே வருகிறது, எங்கே கோளாறு?

சிப்புட்_பையன் எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நான் மலேசியா, சுங்கை சிப்புட். பகலில் கைப்பேசிக் கடையில் வேலை, இரவில் பிளெண்டர் என்ற 3டி நிரலில் படம் செய்வேன்.

விஷயம் இதுதான். எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் வரும் பள்ளி விடுமுறையில் ஒரு செஸ் போட்டி வைக்கிறார்கள். முதல் பரிசு, கித்தாக் கட்டையில் (ரப்பர் மரத்தில்) கடைந்த ஒரு முழு செட். பக்கத்துத் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது எடுத்து வைத்த கட்டை. பட்டறையில் இதுவரை ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மாதிரிக்குக் கடைந்து கொடுத்திருக்கிறார்கள், மீதி 30 காயும் போட்டி நெருங்கும்போதுதான் கைக்கு வரும். ஆனால் பேனர் இப்போதே தொங்க வேண்டுமாம். போட்டோ எடுக்கலாம் என்றால் எடுப்பதற்குச் செட்டே இல்லை. நானே கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன்.

ராஜாவைப் பக்கவாட்டில் படம் பிடித்து, அதன் ஓரத்தைப் பாதிக் கோடாக வரைந்து, ஸ்க்ரூ மாடிஃபையரில் 360 டிகிரி சுற்றவிட்டேன். சிப்பாய்க்கும் அப்படியே. யானை, மந்திரி, ராணி மூன்றும் அதே பாணியில் நானாகக் கற்பனை பண்ணியது. குதிரை இன்னும் அரைகுறை, அதை இப்போது கேட்காதீர்கள். மரத்துக்கு ஒரு நல்ல மரப் படத்தை இறக்கி, யூ.வி. விரித்து (காயின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது) ஒட்டியிருக்கிறேன். வெளிச்சத்துக்கு இலவச எச்.டி.ஆர்.ஐ. (சுற்றுப்புற வெளிச்சத்தைப் பிடித்த படம்) ஒன்று, ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய மாடி அறை. படத்தைக் கணக்கிடுவது பிளெண்டரின் சைக்கிள்ஸ், 4096 சாம்பிள், பிளெண்டர் 4.2, லேப்டாப்பில் 4 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு.

வந்த படத்தைப் பாருங்கள். உருவம் சரியாகத்தான் இருக்கிறது, மேசையில் இருக்கிற நிஜ ராஜாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தால் வளைவில் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனால் மரம் மரமாக இல்லை, மரப் படம் போட்ட ஸ்டிக்கரைச் சுற்றிய பிளாஸ்டிக்காக இருக்கிறது. கறுப்புக் காய்கள் பலகையில் ஓட்டை போட்டதுபோல் கிடக்கின்றன. சாம்பிளை இன்னும் ஏற்றலாமா, இல்லை வேறு கார்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சும்மா_வந்தேன் எழுதியது:

எதற்குப்பா இவ்வளவு பாடு? ஆயத்த மாடல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது லா. இல்லாவிட்டால் ஏ.ஐ.யிடம் இரண்டு வரி எழுதிக் கேள், அரை நிமிடத்தில் தந்துவிடும்.


சிப்புட்_பையன் எழுதியது:

ஏ.ஐ.யிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று அண்ணே. ஒரு வரிசையில் ஒன்பது கட்டம், இரண்டு ராணிக்கு நடுவில் தலையில்லாத மந்திரி. செஸ் போட்டிப் பேனரில் அதைப் போட்டால் எட்டு வயதுப் பிள்ளைகூடச் சிரிக்கும். அப்புறம் பரிசாகக் கொடுக்கப்போவது இந்தச் செட், ஊரான் செட்டைப் படத்தில் காட்டிவிட்டு மேடையில் வேறு ஒன்றைக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?


கோணல்_கோடு எழுதியது:

தம்பி, நான் ஈப்போ. தளவாடக் கடைகளுக்குப் படம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு, மரத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். கார்டு வாங்க வேண்டாம், சாம்பிளையும் விட்டுவிடுங்கள். சாம்பிள் ஏற ஏறப் புள்ளிகள்தான் குறையும், பிளாஸ்டிக் மரமாகாது. நாய்ஸ் த்ரெஷோல்டை 0.02 வைத்து டீநாய்ஸைப் போட்டுவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் கீழே சொல்வதைப் பாருங்கள்.

முதலில் உங்கள் ராஜாவின் உயரம் என்ன? விசைப்பலகையில் 'N' விசையை அழுத்தினால் பக்கத்தில் அளவு காட்டும். நான் பந்தயம் கட்டுகிறேன், 2 மீட்டரோ 9 மீட்டரோ இருக்கும். உலகச் செஸ் சம்மேளனம் சொல்லும் ராஜா 9.5 செ.மீ., சிப்பாய் 5 செ.மீ., கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ., அடிப்பாகத்தின் விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். உங்களிடம் நிஜக் காய் இருக்கிறதே, ஸ்கேலை வைத்து அளந்து அதையே போடுங்கள். அளவு எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், கேமராவின் ஃபோகஸ் நிஜத் தூரத்தை வைத்துத்தான் கணக்காகிறது. 50 மி.மீ. லென்ஸ், அரை மீட்டர் தூரம், லென்ஸ் துளை எஃப் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள், கூர்மையாக விழுவது ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம், அதாவது ஒரே ஒரு கட்டம். அதே காட்சியை நூறு மடங்கு பெரிதாகக் கட்டியிருந்தால் கேமரா 50 மீட்டர் தள்ளி நிற்கிறது, முன் வரிசையிலிருந்து பின்சுவர் வரை எல்லாமே கூர்மை. பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் இது மேசைமேல் இருக்கிற பொருள் இல்லை என்று கண் சொல்லிவிடும். அளவைச் சரி செய்தபின் கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி ஸ்கேலை அப்ளை பண்ண மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்து வரும் பெவல் (விளிம்பை மழுக்குவது) கோணிக்கொள்ளும்.

இரண்டாவது, விளிம்பு. உங்கள் படத்தில் ராஜாவின் கழுத்து வளையங்கள் கத்தி முனையாக இருக்கின்றன. உப்புத்தாள் பட்ட மரத்தில் அப்படி விளிம்பே கிடையாது, அரை மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும், அந்த மழுங்கலில்தான் மெல்லிய ஒளிக்கோடு ஓடும். அந்தக் கோடு இல்லாததுதான் உங்கள் படத்தின் பாதி நோய். ஓரக்கோடு வரையும்போதே மூலைகளை வளைத்துவிடுங்கள். யானையின் தலையில் வெட்டியிருக்கும் பற்களும் மந்திரியின் பிளவும் பூலியனில் (ஓர் உருவத்தால் இன்னொன்றை வெட்டுவது) செய்ததுதானே? அங்கே மெஷ் அலங்கோலமாக இருக்கும், பெவல் மாடிஃபையர் தகராறு பண்ணும். சைக்கிள்ஸில் பெவல் என்று ஒரு நோடே இருக்கிறது, அதை நார்மலில் மாட்டி ஆரம் 0.0004 கொடுங்கள். நிஜ உருவம் மாறாது, ஒளி மட்டும் வளைந்து விழும். இவ்வளவு சின்ன விளிம்புக்கு அது போதும்.

கறுப்பு ஓட்டையாகத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் கறுப்பை 0 என்று வைத்திருப்பது. சாயம் போட்ட மரமோ கருங்காலியோ எதுவானாலும் விழும் ஒளியில் 3, 4 சதவீதமாவது திருப்பித் தரும். 0.03-க்குக் கீழே போகாதீர்கள். வெள்ளைக் கட்டத்தையும் 1 வைக்காதீர்கள், வெள்ளைத் தாளே 0.8 பக்கம்தான், மரக் கட்டத்துக்கு 0.5, 0.6 தாராளம். அப்புறம் ஸ்பெக்குலரை ஏற்றிவிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதைத் தொடாதீர்கள். லேக்கரின் ஐ.ஓ.ஆர். (ஒளிவிலகல் எண்) 1.5 பக்கம். நேருக்கு நேர் பார்த்தால் 4 சதவீத ஒளிதான் பிரதிபலிக்கும், ஓரத்தில் சாய்ந்து பார்க்கப் பார்க்க ஏறும், அந்தக் கணக்கை எல்லாம் நிரலே பார்த்துக்கொள்ளும். மரத்தின் ரஃப்னெஸ் 0.5, அதன்மேல் கோட் ஒன்று, கோட்டின் ரஃப்னெஸ் 0.1 முதல் 0.15. இரண்டு அடுக்காக ஒளி வரும்போதுதான் உள்ளே மரம், மேலே பூச்சு என்று தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன், கடைக்காரர் கூப்பிடுகிறார்.


கடைசல்_பட்டறை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மகள் தட்டித் தருகிறாள். தளவாடத் தொழிற்சாலையில் கடைசல் போட்டே வயதாகிவிட்டது, கித்தாக் கட்டையில் நாற்காலிக் கால் எவ்வளவு கடைந்திருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் படத்தை மகள் காட்டினாள். கட்டையின் ரேகை தப்பாக ஓடுகிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காய் கடைகிற கட்டையை எப்போதும் மரத்தின் நீளவாக்கில்தான் அறுப்போம். ரேகை குறுக்கே போனால் ராஜாவின் கழுத்து கீழே விழுந்த முதல் நாளே ஒடியும். ஆகவே ரேகை அடியிலிருந்து தலைக்கு ஓட வேண்டும். உங்கள் படத்தில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் ஓடுகிறது, அப்படி ஒரு மரம் உலகத்தில் இல்லை. இன்னொன்று, மரத்தின் நடுக் குருத்தை வைத்துக் கடைய மாட்டோம், காய்ந்ததும் வெடிக்கும். குருத்தைத் தள்ளி ஓரத்திலிருந்துதான் கட்டை எடுப்போம். அதனால் என்ன ஆகும் என்றால், உருண்டு வரும் இடத்தில், சிப்பாயின் தலையில் பாருங்கள், இரண்டு பக்கம் ரேகை நேர்கோடாக இறங்கும், மற்ற இரண்டு பக்கம் முட்டை வடிவில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையும், உச்சியில் கோடே இருக்காது, புள்ளி புள்ளியாகக் கண்கள் மட்டும் தெரியும். அந்த நிஜச் சிப்பாயைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், நான்கு பக்கமும் நான்கு விதம்.

அதிலும் கித்தாக் கட்டையில் வளையம் பளிச்சென்று தெரியாது. தேக்கோ பைனோ மாதிரிப் பட்டை பட்டையாகப் போட்டிருக்கிறீர்கள், அது நம் மரம் இல்லை. வெட்டின புதிதில் வெளிர் மஞ்சள், போகப்போக லேசாக ரோஸ் கலந்த பழுப்பு. அடையாளமே அந்தச் சின்னச் சின்னப் பழுப்புக் கீறல்தான். மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் அறுபட்டு முடி கனத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும், அதைப் பார்த்தால் தூக்கத்தில்கூடக் கித்தா என்று சொல்லிவிடுவேன். நீலக் கறை எங்காவது தெரிந்தால் படத்தில் போடாதீர்கள், மரத்தைச் சாய்த்த கையோடு மருந்தில் ஊறப்போடாத கட்டையில் பூஞ்சை ஏறின அடையாளம் அது. பட்டறைக்காரருக்குக் கோபம் வரும்.

கறுப்புக் காய்க்குச் சாயம்தானே அடிக்கிறார்கள்? சாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. தலை உச்சி, அடித்தட்டின் மேல்புறம், இந்த இடங்களில் குழாய்களின் வாய் திறந்திருக்கும், மடமடவென்று குடிக்கும், அங்கே நிறம் கெட்டி. பக்கவாட்டில் வெளிறும். பள்ளமான வளையங்களில் துடைத்த துணி எட்டாமல் சாயம் தங்கி நிற்கும். அப்புறம் உப்புத்தாளைக் காய் சுற்றும்போதேதான் பிடிப்போம், அதனால் கீறல் எல்லாம் படுக்கைவாட்டில் மெல்லிசாக ஓடும், சாயம் போட்ட காயில் நன்றாகவே தெரியும்.

25, 30 வருடம் பால் கொடுத்து முடித்த மரத்தை முன்பெல்லாம் விறகாகத்தான் எரித்தோம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கிறது, போயிருக்கிறீர்களா? உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான்.


சிப்புட்_பையன் எழுதியது:

ஐயா, சிப்பாயைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன நான்கு பக்கமும் அப்படியே இருக்கிறது, இத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கவே இல்லை. மகளுக்கும் நன்றி சொல்லுங்கள்.

கோணல்_கோடு அண்ணே, அளவில் பந்தயத்தை நீங்கள் ஜெயித்தீர்கள், எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஐயா சொன்ன ரேகையை எப்படிக் கொண்டுவருவது? யூ.வி.யை எப்படி விரித்தாலும் உச்சியில் எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் வந்து குவிகிறது.


கோணல்_கோடு எழுதியது:

யூ.வி.யையும் அந்தப் படத்தையும் தூக்கிப் போடுங்கள் தம்பி. ஐயா சொன்னதில் எல்லாமே இருக்கிறது. கடைந்த மரத்தில் ரேகை மேலே ஒட்டியது இல்லை, கட்டை முழுக்க உள்ளே இருப்பது, உளி எங்கே வெட்டுகிறதோ அந்த இடம் வெளியே தெரிகிறது. கம்ப்யூட்டரிலும் அதையே செய்யலாம், 1985-லேயே கென் பெர்லினும் டார்வின் பீச்சியும் தனித்தனியாக இதை எழுதிவிட்டார்கள். முப்பரிமாண வெளி முழுவதற்கும் ஒரு டெக்ஸ்சரைக் கணக்காக வைத்துக்கொண்டு, பொருளின் மேற்பரப்பு அதில் எங்கே இருக்கிறதோ அந்த நிறத்தை எடுப்பது. விரிப்பது, தையல் தெரிவது என்ற பேச்சே இல்லை.

டெக்ஸ்சர் கோஆர்டினேட் நோடில் ஆப்ஜெக்ட்டை எடுத்து மேப்பிங்கில் விடுங்கள். அதில் எக்ஸ் பக்கம் 10, 15 செ.மீ. தள்ளிவிட்டால் குருத்து காய்க்கு வெளியே போய்விடும், ஐயா சொன்ன முட்டை வளைவு தானாக வரும். பிறகு வேவ் டெக்ஸ்சர், ரிங்ஸ், அச்சு இசட். டிஸ்டார்ஷன் கொஞ்சம். கித்தாவுக்கு இதன் பங்கு மிகக் குறைவாக இருக்கட்டும், இரண்டு நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக. அடுத்து அந்தப் பழுப்புக் கீறல்கள்: ஒரு நாய்ஸ் டெக்ஸ்சர், எக்ஸிலும் ஒய்யிலும் மிக நுணுக்கமாக, இசட்டில் இழுத்து நீட்டி, கலர் ராம்ப்பில் இறுக்கிப் பிடித்தால் நீளவாக்கில் துண்டு துண்டாக விழும், உச்சியில் தானாகவே புள்ளியாகிவிடும். அதையே பம்புக்கும் மிக லேசாகக் கொடுங்கள்.

சாயம் உச்சியில் கெட்டியாவதற்கு: அதே டெக்ஸ்சர் கோஆர்டினேட்டில் நார்மல் என்று ஒரு முனை இருக்கிறது, அதைப் பிரித்து இசட்டை மட்டும் எடுத்து ஆப்ஸல்யூட் போடுங்கள். மேலே பார்க்கிற இடத்தில் 1, பக்கவாட்டில் 0. அதை வைத்து நிறத்தைக் கறுப்பாக்கினால் முடிந்தது. பள்ளத்தில் தங்கும் சாயத்துக்கு ஆம்பியன்ட் ஆக்லூஷன் நோட், தூரம் 2, 3 மி.மீ. ரஃப்னெஸ் படம் எதையாவது வெளியிலிருந்து போட்டால் அதன் கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்றுங்கள், பாதிப் பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

32 காய்க்கும் 32 மெஷ் வேண்டாம். உருவம் ஆறுதான், ஆல்ட்டும் டி-யும் அழுத்திப் பிரதி எடுத்தால் 4 ஜி.பி. கார்டு மூச்சுத் திணறாது. ஆனால் அப்படியே விட்டால் எட்டுச் சிப்பாய்க்கும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கும். ஆப்ஜெக்ட் இன்ஃபோவில் ராண்டம் எடுத்துப் பெருக்கி மேப்பிங்கின் இடத்தோடு கூட்டிவிடுங்கள், ஒவ்வொன்றும் மரத்தின் வேறு இடத்திலிருந்து கடைந்ததாக வரும்.

இனி வெளிச்சம். அந்த ஐரோப்பிய மாடி அறையை எடுத்துவிடுங்கள். அது கெட்டது என்று இல்லை, ஆனால் லேக்கரில் பிரதிபலிப்பது அந்த அறையின் ஜன்னல். நம் பக்கத்து வீட்டில் என்ன ஜன்னல்? கண்ணாடிப் பலகை அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கிற ஜன்னல். உங்கள் மேசையில் இருக்கிற ராஜாவை வயிற்றருகே உற்றுப் பாருங்கள், வெளிச்சம் ஒரே வெள்ளைப் பொட்டாக விழாது, வளைந்த ஏணிப் படிகளாக விழும். ஒவ்வொரு படியின் கீழ்ஓரத்திலும் லேசாகப் பச்சை, வெளியே மரம் இருக்கிறதே. இதைச் செய்வது சுலபம். காட்சிக்கு இடப்பக்கம் சட்டமும் பலகைகளும் சாதாரணப் பெட்டிகளாக வைத்து, பின்னால் ஒரு பெரிய ஏரியா லைட், கீழ்ப்பாதியில் மங்கலான பச்சைத் தளம் ஒன்று. எதிர்ப் பக்கம் வெளிர் நிறச் சுவர் ஒன்று கட்டாயம், நிழல் பக்கத்துக்கு அதிலிருந்துதான் ஒளி திரும்பும். நேர் வெயில் வேண்டாம். மழை வரப்போகிற மத்தியான வெளிச்சம் போதும், நிழல் மெத்தென்று விழும்.

வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ஒளியைத் திரை நிறமாக மாற்றும் முறை) ஏஜிஎக்ஸ்ஸிலேயே இருக்கட்டும், ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் ஜன்னல் படிகள் வெளுத்துப் போகும்.


சதுரங்க_டீச்சர் எழுதியது:

தம்பி, மரம் பிளாஸ்டிக் எல்லாம் அப்புறம். பலகையே திரும்பிக் கிடக்கிறது. ஆடுபவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும், உங்கள் படத்தில் கறுப்பு இருக்கிறது. அதனால் ராணியும் இடம் மாறி நிற்கிறாள். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்பில், இரண்டு ராணியும் ஒரே நேர்வரிசையில் எதிரெதிராக. செஸ் போட்டியின் பேனரில் இது வந்தால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்துக்கு இதுதான் பேச்சு.

கட்டத்தின் அளவையும் பாருங்கள், காய்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய் அடியோடு அடி சேர்ந்து நிற்க இடம் இருந்தால் அளவு சரி.

இன்னொரு யோசனை, ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். 32 காயும் அணிவகுத்து நின்றால் படத்தில் உயிர் இல்லை. இரண்டு ராஜாவின் முன்னாலும் இருக்கும் சிப்பாய்களை இரண்டு கட்டம் நகர்த்தி, வெள்ளையின் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்து, கறுப்பின் ராணி பக்கத்துக் குதிரையையும் எடுத்து, வெள்ளை மந்திரியை நான்காவது வரிசைக்கு நீட்டுங்கள். இத்தாலியத் திறப்பு. ஆடத் தெரிந்த பிள்ளைகள் பார்த்த உடனே பிடித்துக்கொள்வார்கள், அடுத்த நகர்த்தல் என்ன என்று பேனருக்குக் கீழே நின்று சண்டை போடுவார்கள், உங்களுக்கு இலவச விளம்பரம். நகர்ந்த காய் கட்டத்தின் நட்ட நடுவில் நிற்கக் கூடாது, எந்தப் பிள்ளையும் அப்படி வைப்பதில்லை. குதிரைகளையும் கொஞ்சம் கொஞ்சம் வேறு பக்கம் பார்க்க விடுங்கள், அதற்கு விதி எதுவும் கிடையாது.


பழைய_486 எழுதியது:

நல்ல இழை. கோணல்_கோடு தம்பி சொன்ன மர வழி சரி, அந்த எஃப் 8 மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பேனரைப் பார்க்கிற ஊர் ஜனம் தினமும் பார்ப்பது போனில் எடுத்த படம். போன் கேமராவின் சென்ஸார் சின்னது, மேசைமேல் இருக்கிற செட்டை அதில் எடுத்தால் பின் வரிசை லேசாகத்தான் மங்கும். ஒரே ஒரு ராஜா மட்டும் கூர்மை, மீதி எல்லாம் கஞ்சி என்று போட்டால் அது இவன் கம்ப்யூட்டரில் செய்தது என்று காட்டிக்கொடுக்கும். பொருள் விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர்களும் எஃப் 11, 16 என்றுதான் போவார்கள், செட் முழுவதும் தெரிய வேண்டுமே.

சதுரங்கப் பலகைக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு. 1980-இல் டர்னர் விட்டட் எழுதிய ரே டிரேசிங் கட்டுரையின் படத்திலேயே கீழே கட்டம் போட்ட தரைதான், அதன்மேல் இரண்டு உருண்டை. கட்டத்தரையைக் கணக்கில் எழுதுவது சுலபம், பிரதிபலிப்பும் பளிச்சென்று தெரியும், அதனால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1991-இல் பாவ்-ரே என்ற ரே டிரேசிங் நிரல் வந்தது, நான் அதைத் தொடும்போது 486 கணினி. அதில் லேத் என்றே ஒரு பொருள் உண்டு, சிப்பாயின் ஓரப் புள்ளிகளைக் கையால் எண்ணாக எழுதுவோம், இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பாதிப் பலகை வந்திருக்கும். இப்போது லேப்டாப்பில் ஒரு மணி நேரம் ஆகிறது என்று பிள்ளைகள் அழுகிறீர்கள், சரி சரி, கிழவன் பேச்சு.


கோணல்_கோடு எழுதியது:

அண்ணன் சொல்வது பேனருக்குச் சரி, எஃப் 11 வைத்துப் பாருங்கள் தம்பி. நான் 8 சொன்னது தூரத்தையும் ஆழத்தையும் விளக்க. ஆனால் ஃபோகஸை அடியோடு அணைத்துவிடாதீர்கள், கொஞ்சமாவது இருக்கட்டும்.


சிப்புட்_பையன் எழுதியது:

புதுப் படம் மேலே ஏற்றியிருக்கிறேன். அளவைச் சரிபண்ணி மர நோடை மாற்றின உடனே பாதி வேலை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் பலகை வைத்ததும் என் அம்மா திரையைப் பார்த்து, காய் எல்லாம் வந்துவிட்டதா, எப்போது கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். பலகையும் திருப்பியாயிற்று டீச்சர், இத்தாலியத் திறப்பும் வைத்தாயிற்று. காய்களுக்கு அடியில் பச்சைத் துணி ஒட்டி, ஒரு கறுப்புச் சிப்பாயை மட்டும் வெட்டுப்பட்டதாகப் பலகைக்கு வெளியே படுக்க வைத்திருக்கிறேன், அதன் அடி தெரிகிறது.

குதிரையைப் பாதி செய்து மிரர் போட்டு முடித்தேன், பிறகு மிரரை அப்ளை பண்ணிவிட்டுச் செதுக்கும் தூரிகையால் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் வேறுபடுத்தினேன். இன்னும் கழுதை மாதிரி இருக்கிறது என்று தம்பி சொல்கிறான்.

ஒரு கேள்வி பாக்கி. பேனர் 8 அடிக்கு 4 அடி. கடைக்காரர் 72 டி.பி.ஐ. போதும் என்கிறார், கணக்குப் போட்டால் 6912-க்கு 3456 பிக்சல் வருகிறது. என் கார்டு தாங்குமா?


கடைசல்_பட்டறை எழுதியது:

குதிரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தம்பி. மற்ற காய் எல்லாம் கடைசலில் வந்துவிடும், குதிரைத் தலை மட்டும் கையால் செதுக்குவது. அமிர்தசரஸில் செஸ் காய் செய்கிறவர்களிடமும் குதிரைக்குத் தனி ஆள் இருப்பான், ஒரு செட்டின் தரத்தைக் குதிரையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். உங்கள் பட்டறைக்காரரிடம் போய்க் கேளுங்கள், அவர் குதிரைக்குப் பென்சிலில் கோடு போட்டு வைத்திருப்பார். அதைப் பார்த்துச் செய்தால் படமும் நிஜமும் ஒத்துப்போகும். சாந்தமான பிடரி, காது சின்னது, மூக்கில் இரண்டே வெட்டு. உளி போன தடம் தட்டையாகத் தெரியட்டும், ரொம்ப வழவழப்பாக்காதீர்கள்.

மந்திரியின் பிளவு இப்போது நன்றாக இருக்கிறது. அது ரம்பத்தால் ஒரே இழுப்பில் வெட்டுவது, உள்ளே சாயம் சரியாக ஏறாது, கொஞ்சம் வெளிறிக் கிடக்கலாம்.


சதுரங்க_டீச்சர் எழுதியது:

திறப்பு சரி. ஆனால் தம்பி, இத்தாலியத் திறப்பில் மூன்றாவது நகர்த்தலுக்குள் ஒரு காயும் வெட்டுப்படாது. அந்தப் படுத்திருக்கிற கறுப்புச் சிப்பாய் எங்கிருந்து வந்தது? பலகையில் எட்டுக் கறுப்புச் சிப்பாயும் நிற்கின்றன, எண்ணிவிட்டேன்.


சிப்புட்_பையன் எழுதியது:

ஐயோ டீச்சர். எடுத்துவிடுகிறேன்.


கோணல்_கோடு எழுதியது:

எடுக்க வேண்டாம் தம்பி, அடியில் இருக்கிற துணி படத்துக்கு நன்றாக இருக்கிறது. ஒரு ராணியைக் கிடத்துங்கள். பல செட்டுகளில் நிறத்துக்கு ஒன்றாகக் கூடுதல் ராணி கொடுப்பார்கள், சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் வேண்டுமே. டீச்சரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பட்டறைக்காரர் 34 கடைகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், 32-தான் என்றால் சிப்பாயைத் தூக்கிவிடுவதே மேல்.

பேனருக்கு 3456-க்கு 1728 போதும். அதை இரண்டு மடங்காகப் பெரிதாக்கிக் கொடுங்கள், பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. முழு அளவில்தான் வேண்டும் என்றால் காட்சியை இடம் வலம் என்று கன்ட்ரோல் பி-யால் பாதி பாதியாகப் பிரித்து ரெண்டர் பண்ணி ஒட்டலாம், இரண்டுக்கும் சீட் (seed) எண் ஒன்றாகவே இருக்கட்டும். பி.என்.ஜி. 16 பிட்டில் சேமியுங்கள். கடையில் அச்சு மை நிறங்களான சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றும்போது கறுப்புக் காயின் பழுப்பு எல்லாம் ஒன்றாக அடைந்துபோகும், அதனால் பேனருக்கு மட்டும் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் ஏற்றி ஒரு பிரதி எடுத்து, முதலில் ஏ4 தாளில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.